கார்டு வைக்க இடமில்லாத வீடு

வாய் மட்டும் சும்மா இருந்திருந்தால் மலருக்கு இந்தப் பாடெல்லாம் வந்தே இருக்காது. ஆனால் மலரின் வாய் என்றைக்குச் சும்மா இருந்தது, அன்றைக்கு இருப்பதற்கு?

போனில் அந்தப் பக்கம் பேசியவள் பிரிக்ஃபீல்ட்ஸ் ரோகிணி. மலரின் மகள் அனுப்பிரியாவை ரோகிணியின் மகன் குருவுக்குக் கொடுப்பதாகப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. ஏதோ ஒரு ஃபங்ஷனில் பழக்கமானவர்கள் என்று அனு சொல்லியிருந்தாள். தீபாவளியன்று ரோகிணி குடும்பத்தோடு கிள்ளானுக்கு வந்து, வீட்டைப் பார்த்து, சாப்பிட்டுவிட்டு, நிச்சயதார்த்தத்துக்குத் தேதி குறிப்பதாக ஏற்பாடு. வீட்டைப் பார்ப்பது என்றால் சுவரையும் கூரையையுமா பார்ப்பார்கள்? இந்த வீட்டை மதிக்கிற ஜனம் எத்தனை என்று பார்ப்பார்கள். மலருக்கு அது அனுபவம். ஏற்கெனவே செராஸிலிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டார் வந்து, மூக்குமுட்டச் சாப்பிட்டுவிட்டுப் போய், "பொண்ணு நல்ல பொண்ணுதான், ஆனா ஆளு அம்பு இல்லாத வீடா இருக்கே" என்று சொல்லியனுப்பினார்கள். அந்த எரிச்சல் அவளுக்கு இன்னும் ஆறவில்லை. இந்தச் சம்பந்தமும் கைநழுவினால் அனுவுக்கு வயது ஏறிக்கொண்டே போகும் என்ற பயம் வேறு.

"எங்க ஹால் முழுக்கக் கயிறு கட்டி தீபாவளி கார்டா தொங்க விட்டிருக்கேன் சம்பந்தி" என்றாள் ரோகிணி. "வாட்சாப்புல ஆயிரம் பேர் அனுப்பலாம் லா. நம்மள மதிக்கிறவங்கதான் கார்டு போடுவாங்க."

இந்த இடத்தில் "அப்படியா, சந்தோஷம்" என்று சொல்லி வைத்திருக்கலாம். மனுஷி சொல்வாளா?

"அத ஏன் கேக்குறீங்க சம்பந்தி! எங்க வீட்டுல கார்டு வைக்க இடமே இல்ல. என்ன பண்றதுன்னு முழிச்சிக்கிட்டு இருக்கேன்."

போனை வைத்துவிட்டு உண்மையிலேயே முழித்தாள். வீட்டுக்கு அந்த வருஷம் வந்திருந்தது மூன்றே மூன்று கார்டு. ஒன்று கார் இன்சூரன்ஸ் ஏஜென்ட் போட்டது. இன்னொன்று பல் டாக்டருடையது. பல்லைக் காட்டிச் சிரிக்கும் ஒரு குத்துவிளக்குப் படம் போட்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல்லைச் சுத்தம் செய்யச் சொல்லியிருந்தார். மூன்றாவது ஒய்பியின் கார்டு, அதாவது தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் போட்டது. அதில் ஒய்பியின் முகம் முக்கால் பக்கம், தீபாவளி கால் பக்கம்.

"மூணு கார்டு வைக்கவா இடமில்ல?" என்றார் கன்னையா. மலரின் புருஷன். கிள்ளான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்றவர். ஓய்வுபெற்ற பிறகு பெண்டாட்டியைக் கிண்டல் செய்வதை முழுநேர வேலையாக எடுத்துக்கொண்டவர். "டிவி மேல வச்சா டிவிக்கே இடம் மிஞ்சும்."

"நீங்க வாய மூடிக்கிட்டு இருந்தாலே பாதி புண்ணியம்" என்றாள் மலர்.

லிட்டில் இந்தியாவில் போய்க் கார்டு மாட்டும் ஸ்டாண்டு விலை கேட்டாள். கேட்டவுடன் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். பிறகு யூடியூப்பைத் திறந்தாள். வேண்டாத சாமானில் கார்டு அலங்காரம் செய்வது எப்படி என்று ஒரு பெண் சிரித்துக்கொண்டே சொல்லிக்கொடுத்தாள். மலருக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. காசும் மிச்சம், "எல்லாம் வேஸ்ட்டுல நானே செஞ்சது சம்பந்தி" என்று சொன்னால் கெட்டிக்காரி என்ற பேரும் கிடைக்கும். ஒரே கல்லில் எத்தனை மாங்காய்!

வாஷிங் மெஷின் வந்த அட்டைப்பெட்டியை வெட்டிப் பலகையாக்கினாள். முட்டை அட்டையை நறுக்கித் தாமரை செய்தாள். கிழிந்த பட்டுப்புடவையின் சரிகைக் கரையை ஓரத்தில் ஒட்டினாள். துணி காயப்போடும் கிளிப்புகளுக்குத் தங்கக் கலர் ஸ்ப்ரே அடித்தாள். அடித்ததில் பாதி கன்னையாவின் சைக்கிளில் படிந்தது. எல்லாம் முடித்துச் சுவரில் சாய்த்து வைத்து, நாலடி தள்ளி நின்று ரசித்துக்கொண்டிருக்கும்போதே பலகை மெதுவாகக் குனிந்து, கும்பிடு போட்டு, குப்புற விழுந்தது.

"பெரியவங்களுக்கு மரியாதை தெரிஞ்ச பலகையா இருக்கே" என்றார் கன்னையா.

அதற்கு முதுகெலும்பு வேண்டும். கால் வைத்த ஸ்டாண்டு ஒன்று கிடைத்தால் போதும். அந்த நினைப்போடு குப்பை போட வாசலுக்குப் போன மலரின் கண்ணில் பட்டது அது. எதிர்வீட்டு கேட்டோரம், பழைய மெத்தைக்கும் உடைந்த ஃபேனுக்கும் நடுவில் சாய்ந்து நின்றது. மூன்று கால், மெல்லிய மரச்சட்டம், பச்சைப் பெயின்ட், இடுப்புயரத்துக்கு மேல் வளர்த்தி. ஒரு கால் குட்டை. அதைச் சமன் செய்ய அடியில் யாரோ சோடா மூடி ஒன்றை ஆணியடித்து வைத்திருந்தார்கள்.

அது என்ன என்று மலருக்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள். நன்றாகத் தெரியும். எதிர்வீட்டு வள்ளியம்மாள் தைப்பூசம் முடிந்த கையோடு இறந்துபோனபோது, அந்த வீட்டு வாசலில் மலர் வளையம் தாங்கி நின்ற ஸ்டாண்டு அது.

வள்ளியம்மாள் கேரி தீவில் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் ஆயாவாக வேலை பார்த்து ஓய்வுபெற்றவள். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. மலரின் பார்வையில் அவள் "எஸ்டேட் ஆளு", அவ்வளவுதான். மலரின் அப்பாவும் எஸ்டேட்டில் ரப்பர் பால்மரம் வெட்டியவர்தானே என்று கேட்டால், அது வேற எஸ்டேட்டாம். சாவன்று மலர் எதிர்வீட்டுக்குப் போகவில்லை. போயிருப்பாள், ஆனால் அன்று சாயங்காலம் ஷா ஆலத்தில் தம்பி மகள் கல்யாணம். காலையில்தான் சலூனில் உட்கார்ந்து தலையைச் சுருள் சுருளாக அலங்கரித்துக்கொண்டு வந்திருந்தாள். சாவு வீட்டில் கால் வைத்தால் தலைமுழுக வேண்டும். தலைமுழுகினால் சுருள் போய்விடும். ஆகவே தன் வீட்டுக் கேட்டுக்குள்ளேயே நின்று, ரோட்டுக்கு இந்தப் பக்கமிருந்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். அனுதான் போய்விட்டு வந்தாள்.

இப்போது அந்த வீட்டை வாடகைக்கு விடுவதற்காக வள்ளியம்மாளின் தம்பி வேலாயுதம் வந்து சாமான்களை ஒழித்து வெளியே போட்டிருந்தார். அதில்தான் இந்த ஸ்டாண்டு.

மலர் அதைத் தூக்கிக்கொண்டு வந்ததைப் பார்த்துக் கன்னையாவின் கிண்டலே நின்றுவிட்டது.

"அடியே, உனக்குப் பித்தா? அது சாவு வீட்டு ஸ்டாண்டு! நல்ல நாளும் அதுவுமா ஹால்ல வைக்கப் போறியா?"

"மரத்துக்கு ஏதுங்க சாவு வீடு, கல்யாண வீடு? கழுவினா சரியாப் போச்சு."

ஆனாலும் மனசு கேட்கவில்லை. முதலில் டெட்டால். பிறகு மஞ்சள் தண்ணீர். பிறகு காலுக்கொரு எலுமிச்சம்பழம் நசுக்கி, கற்பூரம் சுற்றி, அந்த மூன்று காலுக்கும் விபூதி பூசினாள். அனுவைப் பெற்று வீட்டுக்குக் கொண்டுவந்தபோதுகூட இவ்வளவு சடங்கு செய்யவில்லை. அதற்கு மேல் தங்கக் கலர் ஸ்ப்ரே ஒரு டின். அட்டைப் பலகையை வைத்துக் கட்டினாள். சும்மா சொல்லக்கூடாது, ஸ்டாண்டு ஜம்மென்று நின்றது.

இனி கார்டு வேண்டுமே! அதற்கும் வழி இருந்தது. மேஜை டிராயரில் ஒரு கட்டு பழைய தீபாவளி கார்டு கிடந்தது. அத்தனையும் வள்ளியம்மாள் போட்டது. வருஷா வருஷம் தீபாவளிக்கு முதல் நாள் ரோட்டைக் கடந்து வந்து, கேட்டுக் கம்பிக்குள் கார்டைச் செருகிவிட்டுப் போவாள். கேட்டைத் திறந்தால் உட்காரச் சொல்லவேண்டி வரும் என்று மலர் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்றுகொள்வாள். வந்த கார்டைத் திறந்து பார்த்தவளும் இல்லை, பதிலுக்கு ஒன்று போட்டவளும் இல்லை. குப்பைக்குப் போகாமல் அவற்றை எடுத்து வைத்தவர் கன்னையா.

கோலம் போட்ட கார்டு, மயில் போட்ட கார்டு, லட்சுமி கார்டு, மத்தாப்புக் கார்டு என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி. வெளிப்படம் தெரிய மடித்து, கிளிப்பு போட்டுப் பலகை நிறைய மாட்டினாள். பார்க்கிறவர்களுக்கு ஊரே வாழ்த்து அனுப்பிய மாதிரி இருந்தது. "உள்ள யாரு திறந்து பாக்கப் போறா?" என்று சொல்லிக்கொண்டாள். இந்த வருஷம் வந்த மூன்றையும் அவற்றோடு சேர்த்து, ஒய்பி கார்டை மட்டும் முகம் தெரிய நடுநாயகமாக வைத்தாள்.

தீபாவளி வந்தது. மதியம் ரோகிணி வந்தாள். கூடவே புருஷன் தம்புசாமியும் மகன் குருவும். ரோகிணியின் பட்டுப்புடவை வாசலில் நுழைந்து, அதற்குப் பிறகுதான் ரோகிணி நுழைந்தாள். தம்புசாமி அதிகம் பேசாத மனிதர். பிரிக்ஃபீல்ட்ஸில் பூ வியாபாரம். கல்யாண மேடை அலங்காரம் என்று ரோகிணி முதல் நாளே சொல்லியிருந்தாள். அது மலருக்குப் பெருமை. பேச்சுவாக்கில் தன் வாட்சாப் படத்தைக் காட்டினாள். ஷா ஆலம் கல்யாணத்தில், பூ சுற்றிய வரவேற்புப் போர்டுக்குப் பக்கத்தில், சுருள் முடியோடு நின்று எடுத்துக்கொண்ட படம்.

"இது நாங்க செஞ்சதுதான்!" என்றாள் ரோகிணி. "பாருங்க, எப்படிப் பொருத்தம் அமையுது!"

கல்யாண வீட்டில் பூ கட்டிய கை, நம் வீட்டுச் சம்பந்தம். மலருக்கு உச்சி குளிர்ந்துபோனது. அதே சூட்டோடு அவர்களை ஹாலின் மூலைக்கு அழைத்துப் போனாள்.

"எல்லாம் வேஸ்ட்டுல நானே செஞ்சது. கார்டு வந்து குவிஞ்சிருச்சா, எங்க வைக்கிறதுன்னே தெரியல."

"அம்மாடி! எவ்வளவு பேரு!" ரோகிணியின் முகத்தில் பொறாமை எட்டிப் பார்த்ததைக் கண்டு மலருக்கு ஒரு வாரக் கஷ்டமும் தீர்ந்தது.

ஆனால் தம்புசாமி கார்டைப் பார்க்கவில்லை. கையில் இருந்த முறுக்கு பாதி வாய்க்குள்ளும் பாதி வெளியிலுமாக நிற்க, அவர் ஸ்டாண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் குனிந்து, குட்டைக்காலைத் தூக்கி, அடியில் பார்த்தார். சோடா மூடி. அவரே தன் கையால் ஆணியடித்தது.

ஆமாம், அப்படித்தான். ரோகிணி சொன்ன கல்யாண அலங்காரம் வாரத்துக்கு ஒன்று வந்தால் அதிர்ஷ்டம். அந்தக் கடைக்குச் சோறு போடுவதெல்லாம் மலர் வளையம். பெண் வீட்டில் சாவு வியாபாரம் என்று சொன்னால் மூஞ்சியைச் சுளிப்பார்கள் என்று ரோகிணி அந்தப் பாதியை முழுங்கிவிட்டாள். இப்போது அந்த மனிதர் நிலைமையைப் பாருங்கள். இது என் ஸ்டாண்டு என்று சொன்னால் தன் குட்டு உடையும். சொல்லாமல் விட்டால், தன் கடைச் சாவு ஸ்டாண்டு முன்னால் நின்று மகனுக்கு நிச்சயத் தேதி குறிக்க வேண்டும்.

"நல்ல ஸ்டாண்டு" என்றார் கடைசியில். "எங்க கிடைச்சுது?"

"இதுவா? அனு படிச்ச ஸ்கூல்ல போர்டு வச்சிருந்தது. வேணாம்னு வீசிட்டாங்க" என்றாள் மலர், கண்ணை இமைக்காமல்.

கன்னையாவுக்கு இருமல் வந்துவிட்டது. தம்புசாமி முறுக்கை விழுங்கினார். இரண்டு பொய்யும் எதிரெதிரே உட்கார்ந்து பலகாரம் சாப்பிட்டன. குருவும் அனுவும் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்கள். ஏன் சிரிக்கிறார்கள் என்று யாருக்கும் புரியவில்லை.

சாப்பாடு முடிந்தது. ஆட்டிறைச்சிப் பிரட்டலை ரோகிணி மூன்று தடவை கேட்டு வாங்கிக்கொண்டாள். பிறகு கைப்பையிலிருந்து பஞ்சாங்கத்தை எடுத்தாள். "தை மாசத்துல ஒரு நல்ல நாள் பாப்போமா?" என்றாள். மலர் மனசுக்குள் கணக்குப் போட்டாள். இன்னும் ஐந்து நிமிஷம் போதும். காரியம் முடிந்துவிடும்.

அந்த ஐந்து நிமிஷத்துக்குள் கன்னையா வாசலைப் பார்த்துக் கூப்பிட்டுத் தொலைத்தார்.

"வேலாயுதண்ணே! உள்ள வாங்க. ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க."

வள்ளியம்மாளின் தம்பி வேலாயுதம், பூட்டிக் கிடந்த அக்கா வீட்டு வாசலில் ஒரு விளக்கேற்றி வைத்துவிட்டுப் போக வந்திருந்தார். கேரி தீவில் செம்பனைத் தோட்டத்து லோரி ஓட்டுகிறவர். "இல்ல தம்பி, இந்த வருஷம் எங்களுக்குத் தீபாவளி இல்ல, நல்ல நாளு, நான் வரக்கூடாது" என்று தயங்கினார். கன்னையா விடவில்லை, கையைப் பிடித்து உள்ளே இழுத்து வந்துவிட்டார். மலர் புருஷனைப் பார்த்த பார்வையில் வேறு யாராவது இருந்திருந்தால் எரிந்தே போயிருப்பார்கள்.

உள்ளே வந்த வேலாயுதத்தின் கண் முதலில் தம்புசாமியின் மேல் விழுந்தது.

"அட, பூக்கடைக்காரரே! நீங்க எங்க இங்க? எங்க அக்கா காரியத்துக்கு மலர் வளையம் கொண்டாந்தது நீங்கதானே? இந்தத் தம்பிதானே லோரியில இருந்து இறக்கி வச்சாரு?"

ரோகிணி பஞ்சாங்கத்தை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டாள். குரு தலையைச் சொறிந்தான். மலர் ஒருமுறை குருவைப் பார்த்தாள், ஒருமுறை அனுவைப் பார்த்தாள். ஒரு ஃபங்ஷனில்தான் பழக்கம் ஆனது என்று மகள் சொன்னாளே, அது எந்த ஃபங்ஷன் என்று இப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

"மா..." என்று ஏதோ சொல்ல வந்தாள் அனு.

"நீ பேசாத."

அதற்குள் வேலாயுதம் மூலைப்பக்கம் திரும்பிவிட்டார். ஸ்டாண்டைப் பார்த்தார். கிட்டே போனார். தங்கக் கலருக்கு அடியில் கீறல் விட்டிருந்த பச்சையைத் தடவினார். பிறகு கார்டுகளைப் பார்த்தார். மயில் கார்டைத் திறந்தார். கோலக் கார்டைத் திறந்தார். மூடிவிட்டுப் பலகை முழுக்க மறுபடி பார்த்தார்.

"அக்கா எழுத்து" என்றார். "அத்தனையும் அக்கா எழுத்து. இந்த ஸ்டாண்டு... இத நான் குப்பையில போட்டேனே தங்கச்சி. கூடப் பொறந்த நான் குப்பையில போட்டத, நீங்க எடுத்துக் கழுவி, தங்கக் கலர் அடிச்சு, அக்கா போட்ட கார்டெல்லாம் மாட்டி, நல்ல நாளுல அவங்களுக்குன்னு ஒரு இடம் வச்சிருக்கீங்களே!"

சொல்லிவிட்டு அந்தப் பெரிய மனிதர் கையெடுத்துக் கும்பிட்டு அழுதார்.

ரோகிணி பஞ்சாங்கத்தை இறக்கினாள். அவள் கண்ணும் கலங்கியிருந்தது. "எவ்வளவு பெரிய மனசு சம்பந்தி உங்களுக்கு!" என்றாள்.

உண்மையைச் சொல்ல மலருக்கு அப்போது வழி இருந்தது. ஒரே வார்த்தை போதும். ஆனால் சும்மா வந்த பெரிய மனசை யார் திருப்பிக் கொடுப்பார்கள்?

"என்னண்ணே பண்றது" என்று முந்தானையால் கண்ணோரத்தை ஒற்றிக்கொண்டாள். "அக்கா ஞாபகம் மறக்க முடியல. கூடப் பொறந்தவங்க மாதிரி பழகினோம்."

கன்னையா தலையைக் குனிந்துகொண்டார். அவருக்குத் தெரியும், இது நல்லதுக்கில்லை என்று.

வேலாயுதத்துக்கோ அந்த வார்த்தை போதுமாக இருந்தது. அக்காவின் கார்டு ஒன்றைக் கிளிப்பிலிருந்து எடுத்தார். "எல்லாரும் கேளுங்க, எங்க அக்கா எப்படி எழுதியிருக்காங்கன்னு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசித்தார்.

"மலருக்கும் குடும்பத்துக்கும் தீபாவளி வாழ்த்து. எதிர் வீட்டுக்குக் குடி வந்திருக்கேன். ஒரு நாள் வீட்டுக்கு வாம்மா, டீ போட்டுத் தரேன்."

அடுத்ததை எடுத்தார். "மலருக்கு வாழ்த்து. போன வருஷம் கூப்பிட்டேன், வரல. வேலையா இருந்திருப்பே. இந்த வருஷம் வாம்மா."

அடுத்தது. "மலருக்கு வாழ்த்து. அனு பெரிய பிள்ளையாயிட்டா, ரோட்டுல பார்த்தேன், சந்தோஷம். நீ இன்னும் ஒரு தடவகூட வரலையே. ரோட்டைக் கடந்தா வீடு."

அவர் குரல் மெதுவாகிக்கொண்டே வந்தது. இன்னும் ஒன்றை எடுத்தார். லட்சுமி படம் போட்டது, கடைசியாகப் போன தீபாவளிக்கு வந்தது. எழுத்து கோணல்மாணலாக இருந்தது. "மலருக்கு வாழ்த்து. எனக்கு முட்டி ரொம்ப வலி. இனிமே நான் வந்து கார்டு போட முடியுமோ என்னவோ. நீதான் வரணும். டீ குடிக்க வாம்மா."

மலருக்கும் இது புதுச் செய்திதான். அவள் எதையும் இதற்கு முன் படித்ததில்லை. மஞ்சள் பூசிய முகத்தில் சூடு ஏறியது. அந்த இடத்தில் தரை பிளந்திருந்தால் இறங்கிப் போயிருப்பாள். அவ்வளவு வெட்கமாக இருந்தது. ரோகிணி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அனு பார்க்கவில்லை, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வேலாயுதம் கார்டை மடித்தார். அவர் லோரி ஓட்டுகிறவர்தான், ஆனால் பிறத்தியாரைச் சங்கடப்படுத்தத் தெரியாத மனிதர்.

"உங்களுக்கும் ஆயிரம் வேலை இருந்திருக்கும் தங்கச்சி" என்றார்.

அவர் திட்டியிருந்தால் மலர் பதிலுக்கு நாலு சொல்லித் தப்பித்திருப்பாள்.

"ஒண்ணு கேக்கட்டுமா? தை மாசம் அக்காவுக்கு வருஷ திவசம் வருது. இத அப்படியே நான் கேரி தீவுக்கு எடுத்துட்டுப் போறேன். அக்கா படத்துக்குப் பக்கத்துல வைக்கிறேன். கொடுப்பீங்களா?"

"எடுத்துட்டுப் போங்கண்ணே" என்றாள் மலர்.

அவர் கிளிப்போடு அல்லாடுவதைப் பார்த்துத் தம்புசாமி எழுந்தார். இனி மறைக்க என்ன இருக்கிறது? ஒரு கையால் நடுச்சட்டத்தை அழுத்தி, முழங்காலால் ஒரு தட்டுத் தட்டினார். மூன்று காலும் படக்கென்று மடங்கிக்கொண்டன.

"நம்ம கடையோடதுதான்" என்றார் மலரிடம், ரகசியம் போல. "இதோட ஜோடிதான் அன்னைக்குச் சாயங்காலம் ஷா ஆலம் கல்யாணத்துல வரவேற்புப் போர்டத் தாங்கிக்கிட்டு நின்னுச்சு. காலையில சாவு, சாயங்காலம் கல்யாணம், ரெண்டுக்கும் ஒரே ஸ்டாண்டுதான் சம்பந்தி. நாங்க கற்பூரமெல்லாம் காட்டுறதில்ல."

மலர் தன் வாட்சாப் படத்தை நினைத்துக்கொண்டாள். சுருள் முடியும் சிரிப்புமாக, சாவு ஸ்டாண்டின் ஜோடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, ஒன்பது மாதமாக ஊருக்கெல்லாம் காட்சி கொடுத்துக்கொண்டிருக்கிறாள்.

அக்கா போடாத மூன்று கார்டை மட்டும் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, வேலாயுதமும் தம்புசாமியும் குருவுமாக ஸ்டாண்டையும் பலகையையும் தூக்கிக்கொண்டு வெளியே நின்ற வேலாயுதத்தின் வேனுக்குப் போனார்கள். ஹாலின் மூலை காலியானது. தரையில் கொஞ்சம் தங்கத் தூள் மட்டும் கிடந்தது.

ரோகிணி மேஜையிலிருந்த மூன்றையும் கையில் எடுத்தாள். ஒன்றொன்றாகப் பார்த்தாள். இன்சூரன்ஸ். பல் டாக்டர். ஒய்பி.

"கார்டு வைக்க இடமில்லன்னீங்க" என்றாள்.

மலர் வாயைத் திறக்கவில்லை.

ரோகிணி ஒரு பெருமூச்சு விட்டாள். "எங்க ஹால்ல தொங்குறது எல்லாம் அச்சாபீஸ்காரன் கொடுத்த சாம்பிளு சம்பந்தி. உள்ள ஒண்ணுமே எழுதியிருக்காது. எங்களுக்கும் இதே மாதிரி மூணு பேருதான் போட்டிருக்காங்க, ஆளுங்க மட்டும் வேற." மூன்றையும் மேஜையில் வைத்துவிட்டுப் பஞ்சாங்கத்தை மறுபடி திறந்தாள். "பிள்ளைங்க ரெண்டும் சாவு வீட்டுலயே பழகிட்டுதுங்க. இனி நாம என்ன நல்ல நேரம் பாக்குறது? தை பிறக்கட்டும், அந்த அண்ணன் வீட்டுத் திவசம் முடிஞ்ச பிறகு ஒரு நாள் வச்சுக்குவோம்."

சம்பந்தம் நிலைத்துவிட்டது. கைநழுவவில்லை. ஒரு வாரமாக எதற்காக அலைந்தாளோ, அது கிடைத்துவிட்டது. கன்னையா சமையலறையிலிருந்து டீ கொண்டு வந்து ரோகிணிக்கு ஒன்றும் மலருக்கு ஒன்றும் கொடுத்தார். கிண்டலாக ஏதாவது சொல்வார் என்று மலர் எதிர்பார்த்தாள். அவர் சொல்லவில்லை.

வெளியே வேன் கிளம்பியது. ஜன்னல் திரை விலகியிருந்தது. வருஷா வருஷம் மலர் ஒளிந்து நின்ற அதே திரை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் பூட்டிய கேட்டும், வாசலில் எரிந்துகொண்டிருந்த ஒற்றை விளக்கும் தெரிந்தன. ரோகிணியும் அதைப் பார்த்தாள். டீயை ஒரு வாய் குடித்தாள்.

"கேக்குறேன்னு தப்பா நினைக்காதீங்க" என்றாள். "கல்யாணம் முடிஞ்சதும் உங்கள எங்க வீட்டுக்கு டீ குடிக்கக் கூப்பிடுவேன். வருவீங்கதானே?"

மலர் தலையை மட்டும் ஆட்டினாள். கையில் இருந்த டீயைக் குடிக்க முடியவில்லை.